இடப்பக்கத்துக் கிட்டார்

ஒஸ்லோ நகரத்து ரொம்சோஸில் நானூற்றுச் சொச்சம் வீடுகளுக்குப் பராமரிப்பாளராக இருக்கும் சிறீஸ்கந்தராசாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். லிஃப்டில் ஏறினால் பக்கத்தில் நிற்பவர் வணக்கம் சொன்னாலும் வாய் திறக்க மாட்டார். தலையைச் சற்றுச் சரித்து, கண்ணை மூடி, லிஃப்டைக் கேட்டுக்கொண்டு நிற்பார். இறங்கும்போது, கயிறு ஓடும் உருளை தேய்ந்துவிட்டது, இது இன்னும் மூன்று கிழமைதான் என்பார். சொல்லி வைத்தாற்போல மூன்றாம் வாரம் அது நடுவழியில் நிற்கும். கம்பனியிலிருந்து கருவிப் பெட்டியோடு வருகிறவன் அரை நாள் தேடிவிட்டு, இவர் சொன்ன அதே உருளையைக் கழற்றிக்கொண்டு போவான். கொதிகலன், காற்றோட்ட விசிறி, நிலவறைப் பம்பு எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். வெளியிலிருந்து நிபுணர் எதற்கு, எங்களிடம் ஸ்ரீயின் காது இருக்கிறதே என்று குடியிருப்போர் சங்கத் தலைவி ஒருமுறை ஆண்டுக் கூட்டத்தில் சொன்னாள். அதை அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் நாலு தரம் சொன்னார்.

மனிதருக்கு அறுபது வயது. எடுத்துக் காட்டப் பட்டமோ பத்திரமோ கிடையாது. அந்தக் காதுதான் அவருடைய பட்டம், உத்தியோகம், தலைக்கனம் எல்லாம். அது போனால் அவர் சாவிக்கொத்தோடு திரியும் இன்னொரு கிழவர், அவ்வளவே. இது மற்ற யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வேலை முடிந்து வந்தால் அதே காதுக்கு வீட்டில் இன்னொரு பதவி காத்திருக்கும். தமிழன் வீட்டில் ரொக் இசைத்தட்டா என்று யாரும் சிரிக்க வேண்டாம். லில்லெஸ்ட்ரோம் முதல் ஹவுகெட்டோ வரை அப்படிப் பதினொரு பேர் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் 'ஊசிமுனை' என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் ஈழத்தவர். பதினோராவது ஆள் பழனிச்சாமி, கோயம்புத்தூர்ப் பக்கம், ஒஸ்லோவுக்கு வந்து மூன்று வருஷம், கணினி வேலை. இந்தக் குழுவில் ஒரு பழைய ரெக்கோட்டின் புதுப் பதிப்பு வெளிவந்தால் யாரும் உடனே வாங்க மாட்டார்கள். சிறீஸ்கந்தராசா முதலில் வாங்குவார், கேட்பார், பிறகு 'வாங்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று தீர்ப்பு எழுதுவார். கீழே இரண்டு பக்கத்துக்குக் காரணமும் இருக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை. தீர்ப்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

பெரும்பாலும் அது 'வேண்டாம்' ஆகத்தான் இருக்கும். நம்முடைய கலியாண வீடுகளில் ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டுக்குள் புது மேளத்தைத் திணித்து உலுக்கி எடுப்பது. இது அந்த வேலையல்ல. பாட்டைப் பதிவு செய்தபோது ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒலிநாடாவில் தனித்தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். எதை எவ்வளவு சத்தமாக, இடப்பக்கமா வலப்பக்கமா வைப்பது என்று அப்போது ஒருவர் முடிவு செய்திருப்பார். ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் அதே நாடாக்களை எடுத்து வைத்து எல்லாவற்றையும் புதிதாக முடிவு செய்வார். பிறகு ஒரு பெட்டி, ஒரு தடித்த புத்தகம், சுவரில் ஒட்ட ஒரு படம், அதே பாட்டு நாலு விதமாக நாலு தட்டில். ஆண்டு நிறைவாம்! இதற்குச் சம்பளத்தின் ஒரு துண்டைக் கேட்கிறார்கள். செத்த வீட்டில் பிணத்தை எழுப்பி உடுப்பு மாற்றுகிறார்கள் என்று சிறீஸ்கந்தராசா ஒருமுறை எழுதினார். நல்ல கோபம்தான். ஆனால் ஒன்று விடாமல் வாங்கிக் கேட்டதும் அவர்தான்.

வெளிச்சவீட்டு ரெக்கோட்டின் கதை வேறு. எழுபத்து நாலில் பேர்கன் நகரத்துப் பையன்கள் நாலு பேர் போட்ட தட்டு அது. உறையில் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சவீடு, கலங்கரை விளக்கம், நிற்கும். எண்பத்தேழில் சிறீஸ்கந்தராசா வடக்கே, வார்டோவில், மீன் வெட்டும் தொழிற்சாலையில் நின்றபோது கூட வேலை செய்தவன் ஒருவன் அதைக் கசெட்டில் பதிந்து கொடுத்தான். கை விறைக்க விறைக்க அதைக் கேட்டுத்தான் அவரும் நண்பர் சண்முகலிங்கமும் நோர்வேஜிய மொழி படித்தார்கள். இரண்டாம் பக்கத்து முதற் பாட்டில் இரண்டு கிட்டார்கள் வரும். வலப்பக்கத்துக் கிட்டார் ஒரு கேள்வி கேட்கும். சற்றுப் பொறுத்து இடப்பக்கத்துக் கிட்டார் மெல்லப் பதில் சொல்லும். விரல் கம்பியில் வழுக்கும் கீச்சுச் சத்தம்கூடக் கேட்கும். அந்தப் பதிலுக்காகவே அவர் முதல் சம்பளத்தில் தட்டையும், அடுத்த சம்பளத்தில் ஹெட்போனையும் வாங்கினார். ஹெட்போனின் இடக்காதில் சிவப்பு நூல் ஒன்று சுற்றி வைத்தார். இடம் என்றால் இடம்தான், மாற்றிப் போட்டால் பதில் கேள்வியாகிவிடும் என்பது அவர் கட்சி. இன்றைக்கு வரைக்கும் ஹெட்போன் இரண்டு மூன்று மாறிவிட்டது. சிவப்பு நூல் மட்டும் மாறவில்லை.

போன ஒக்டோபரில் அந்தத் தட்டுக்கு ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி வந்தது. நகரத்துக் கடையில் முதல் நாளே போய் வாங்கினார். அந்தி நேரம், மனைவி விமலாதேவி குழந்தைகள் காப்பகத்து வேலை முடிந்து வருமுன்னே, சிவப்பு நூல் பார்த்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வலப்பக்கத்துக் கிட்டார் கேள்வி கேட்டது. பொறுத்திருந்தார். பதில் வரவில்லை. எங்கோ சுவருக்கு அப்பால் யாரோ கம்பளியில் சொறிவதுபோல் ஒன்று கேட்டது. அதன் அடியில் ஓர் இரைச்சல், தூரத்தில் குளிர்பெட்டி ஓடுவதுபோல.

மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். அங்கே மேரின் என்று ஒரு பெண், பதினைந்து வருஷமாக அவருக்குத் தட்டு விற்பவள். தட்டை அச்சடித்ததில் பிழை என்று சொன்னார். அவள் மறுபேச்சில்லாமல் வேறு பெட்டி கொடுத்தாள். அதிலும் இடப்பக்கத்தில் அதே பள்ளம், அதே இரைச்சல். இரண்டாம் முறை போனபோது அவள் அதைக் கடையிலேயே ஓடவிட்டுக் கேட்டாள். முகத்தில் ஒரு மாதிரியான குழப்பம். இடப்பக்கத்துக் கிட்டார் பழையதைவிட இதில் தெளிவாக இருக்கிறதே ஸ்ரீ, உன் ஊசியை ஒருமுறை பார் என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. இவளுக்கு ஊசி எதென்று காட்டிக் கொடுத்ததே நான்தான் என்று விமலாதேவியிடம் வந்து பொரிந்து தள்ளினார்.

ஆனாலும் ஊசியை மாற்றினார். கேபிளை மாற்றினார். கடைசியில் தன் பழைய தட்டை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அதிலும் இடப்பக்கம் மங்கல்தான். இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு கணம் யோசித்திருப்பார்கள். அவர் யோசிக்கவில்லை. தட்டுப் பிரியர்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருக்கும். முப்பத்தேழு வருஷம் ஓடிய தட்டு, ஊசி ஒரு பக்கச் சுவரையே தேய்த்திருக்கும், இடப்பக்கம் போகத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கே தீர்ப்பும் எழுதினார். வேண்டாம். இடப்பக்கத்துக் கிட்டாரைக் கொலை செய்திருக்கிறார்கள். கையால் தொட வேண்டாம்.

குழுவில் ஒன்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். சண்முகலிங்கம் கடைக்குச் சொல்லி வைத்திருந்ததை ரத்துச் செய்தார். பழனிச்சாமி மட்டும் கொஞ்சம் தயங்கி எழுதினான். அண்ணா தப்பா நினைக்கக்கூடாது, நான் ஏற்கனவே வாங்கிட்டேன், எனக்கு அந்த லெஃப்ட் கிட்டார்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. சிறீஸ்கந்தராசா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சினிமாப் பாட்டில் வளர்ந்த காதுக்கு எல்லாம் நன்றாகத்தான் கேட்கும் தம்பி என்று பதில் போட்டார். 

நவம்பரில் ஒரு நாள் அம்பிளிஃபயரை அணைத்த பிறகும் அந்த இரைச்சல் நின்றபாடில்லை. ஓகோ, கட்டடத்து விசிறிதான் தட்டுக்குள்ளே புகுந்து இரைகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். விசிறியை நிறுத்தினார். இரைச்சல் நின்றது போலவும் இருந்தது, நிற்காதது போலவும் இருந்தது. பம்பை நிறுத்தினார். கொதிகலனை நிறுத்தினார். ஒவ்வொன்றாக எல்லாப் பொறியும் அடங்கி, அந்தக் கட்டடத்தின் வயிற்றுக்குள் ஒரு சத்தமும் இல்லாத நிலையில் அவர் நின்றார். இரைச்சல் மட்டும் இடத்தை விட்டு அசையாமல் கேட்டது. அதற்குள் மேலே குடியிருப்பவர்கள் சுடுதண்ணீர் வரவில்லை என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டு, இது பக்கத்துக் கட்டடத்து விசிறி என்று முடிவு கட்டினார். படியேறும்போது ஒரு பக்கம் சாய்ந்து சுவரைப் பிடித்தார். முழங்கால் என்று நினைத்தார்.

டிசம்பரில் ஒரு காலை, இரவெல்லாம் கொட்டிய பனியை ஏழாம் வாசற்படியில் அள்ளிக்கொண்டிருந்தார். யாரோ பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. திரும்பினால் பனி தள்ளும் டிராக்டரின் பக்கக் கண்ணாடி அவருடைய சட்டைக் கையை உரசிக்கொண்டு போயிருக்கிறது. சக்கரம் காலிலிருந்து ஒரு சாண். ஓட்டுநர் வெள்ளை வெளேரென்று முகம் வெளுத்து இறங்கி வந்தான். எவ்வளவு நேரம் ஹோர்ன் அடித்தேன், கேட்கவில்லையா என்று கேட்டான். பின்னுக்கு வரும்போது கத்துகிற உன் மணி வேலை செய்யவில்லை, முதலில் அதைத் திருத்து என்று இவர் அவன்மீது பாய்ந்தார். அவன் ஏறி, வண்டியைப் பின்னுக்கு எடுத்துக் காட்டினான். அவர் முகத்துக்கு நேரே நின்று மணி கத்தோ கத்தென்று கத்தியது.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவர் வழக்கமே இல்லை. அன்றைக்குச் சோற்றுக் கோப்பையின் முன்னே உட்கார்ந்து, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் சாப்பிட்டார். 

ஜனவரியில் பழனிச்சாமி வீட்டுக்கு வந்தான். சண்டை பிடிக்க வரவில்லை. கையில் மைசூர்பாகு டப்பாவும், மடிக்கணினியும், அந்தப் பெட்டியும். அண்ணன் சொன்னதில் ஏதோ இருக்கும் என்று அவன் உண்மையிலேயே நம்பியிருந்தான். தன் தட்டை அளந்து பார்த்து, இடமும் வலமும் எவ்வளவு சத்தம் என்று கோடு கோடாகப் படம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். இரண்டு கோடும் ஒரே உயரம். சிறீஸ்கந்தராசா படத்தைப் பார்க்கவே இல்லை. பாட்டு கண்ணால் பார்க்கிற சாமானா என்று கேட்டார். பழனிச்சாமி மடிக்கணினியை மூடினான். தேத்தண்ணி கொண்டுவந்த விமலாதேவி கோப்பைகளை வைத்துவிட்டுப் போகாமல் கதவடியில் நின்றாள்.

"அண்ணா, ஒரே ஒரு தடவை ஹெட்போனைத் திருப்பிப் போட்டுக் கேளுங்க."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முப்பத்தேழு வருஷத்தில் அவரிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்தான். இடம் இடம்தான் என்று சிவப்பு நூலைக் காட்டினார். அவன் விடவில்லை. கையை விரித்து விளக்கினான்.

"கோளாறு ரெக்கார்டுல இருந்தாலும் சரி, ஹெட்போன்ல, வயர்ல எதுல இருந்தாலும் சரி, திருப்பிப் போட்டா அந்தப் பள்ளம் உங்க வலது காதுப் பக்கம் வந்துரும். வந்தே ஆகணுங்கண்ணா."

"வராட்டி?" என்று கதவடியிலிருந்து விமலாதேவி கேட்டாள்.

பழனிச்சாமி அவளைப் பார்த்தான். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவனுக்குப் பதில் தெரியும் என்பது மற்ற இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.  இப்போது திருப்பிப் போடாவிட்டால் பயந்துவிட்டார் என்று ஆகும். சிறீஸ்கந்தராசா ஹெட்போனை எடுத்தார். சிவப்பு நூல் சுற்றிய பக்கத்தை வலக்காதில் வைத்தார். ஊசியை இறக்கினார்.

கேள்வி கேட்கும் கிட்டார் வரவில்லை. இத்தனை மாதமும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கிட்டார் இப்போது சுவருக்கு அப்பால் போய் நின்று கம்பளியில் சொறிந்தது. பிறகு வலக்காதில், நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து யாரோ வாசிப்பதுபோல, பதில் வந்தது. விரல் கம்பியில் வழுக்கும் கீச்சுச் சத்தத்தோடு முழுசாக வந்தது. வார்டோவில் கேட்டதைவிட, அதற்குப் பிறகு எப்போது கேட்டதையும்விடத் தெளிவாக இருந்தது. பள்ளம் இடம் மாறவில்லை. அது அவருடைய இடப்பக்கத்திலேயே இருந்தது, இரைச்சலும் கூடவே.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. பாட்டு முடியும்வரை கேட்டார். ஏழு நிமிஷப் பாட்டு. விமலாதேவி ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். சிவப்பு நூலை விரலால் தடவினார்.

"வடிவாச் செய்திருக்கிறாங்கள், தம்பி" என்றார். "நல்ல ரீமிக்ஸ்."

பழனிச்சாமிக்கு அழுகை வந்துவிட்டது. மைசூர்பாகு டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டு, அண்ணி நாளைக்கே டாக்டர்கிட்டப் போயிடுங்க என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். கதவைச் சாத்திவிட்டு வந்த விமலாதேவி புருஷனின் வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள். அவள் எந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள் என்பதை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார்.

"உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஏழெட்டு மாசமா நான் உங்களுக்கு வலப்பக்கமாத்தான் நடக்கிறன்" என்றாள் விமலாதேவி. "இடப்பக்கம் நிண்டு கதைச்சால் நீங்கள் ஓம் எண்டு மட்டும்தான் சொல்லுவியள். எப்பிடிச் சொல்லுறது உங்களிட்டை? உங்கடை காதைப் பற்றி நான் கதைக்க ஏலுமோ?"

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எதுவும் மிச்சம் இருக்கவில்லை. எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, தான் மட்டும் கண்ணை மூடி நின்று கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அட கடவுளே, வெட்கமாக இருந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. குடும்ப வைத்தியர் காதுக்குள் பார்த்துவிட்டு வேறு இடத்துக்கு அனுப்பினார். அங்கே சின்ன அறை ஒன்றில் இருத்தி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலக்காதுக்கு அவர் அழுத்தியபடியே இருந்தார். இடக்காதுக்கு வந்தபோது தாதி கண்ணாடிக்கு அப்பால் ஏதேதோ திருகிக்கொண்டிருக்க, அவர் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே இருந்தார். தொடங்கிவிட்டார்களா என்று கேட்கவும் பயமாக இருந்தது. பத்து நாள் கழித்துத் தலையைப் படம் பிடித்தார்கள்.

படத்துக்குப் பின் நிபுணரைக் காணக் காத்திருந்த அந்த நாற்பது நிமிஷத்தில்தான் அவர் அதைச் செய்தார். செய்யாமல் இருந்திருக்கலாம். கைபேசியைத் திறந்து 'ஊசிமுனை'யில் தான் எழுதிய தீர்ப்புகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். யாரும் வாசிக்காத அந்த இரண்டு இரண்டு பக்கக் காரணங்களை அன்றைக்கு அவரே வாசித்தார். போன வருஷம் ஒரு தட்டுக்கு, இடப்பக்கம் செத்துப்போயிற்று. அதற்கு முந்தின வருஷம் இன்னொன்றுக்கு, இடப்பக்கத்தில் தாளத்தட்டின் மினுக்கம் இல்லை. அதற்கு முன்னே, இடப்பக்கம் சற்று மங்கல். வேறு வேறு இசைக்குழு, வேறு வேறு நாடு, வேறு வேறு ஆள் ஒலி கலந்தது. எல்லாவற்றிலும் அதே பக்கம். முதன்முதலில் அந்தச் சொல் வந்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரலில். ஆறு வருஷமாகத் தன் காது வருத்தத்தைத் தேதி போட்டு, ஒழுங்காக, பத்துப் பேருக்கு அவரே எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.  விமலாதேவி கைபேசியை வாங்கித் தன் பையில் போட்டாள்.

நிபுணர் இளம் பெண். படத்தில் காதுக்கு உள்ளே போகும் நரம்பில் வெள்ளையாக ஓர் உருண்டையைக் காட்டினாள். நெல்லிக்காய் அளவு. புற்றுநோய் இல்லை, மெல்ல வளர்வது, பத்து வருஷம்கூட இருந்திருக்கும் என்றாள். ஆனால் அது மூளையின் தண்டைத் தொடத் தொடங்கிவிட்டது, இனிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, வெட்டி எடுக்க வேண்டும். மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தாள். இடக்காதின் கேட்கும் திறன் திரும்பி வராது, மிச்சம் இருப்பதும் போகும். முகத்தின் அந்தப் பக்கம் கோணிப்போகவும் வாய்ப்பு உண்டு. கண் விழிக்காமலே போகவும் மிகச் சிறிய வாய்ப்பு உண்டு என்று, சொல்ல வேண்டியது சட்டம் என்பதால், அதையும் சொன்னாள். இரைச்சல் நிற்குமா என்று சிறீஸ்கந்தராசா கேட்டார். சிலருக்கு நிற்கும், சிலருக்கு நிற்காது என்றாள்.

மறுநாள் அவர் முதல் வேலையாக லிஃப்டுக் கம்பனிக்கு அழைத்து, எல்லா லிஃப்டையும் பார்க்கச் சொன்னார். ஏன் என்று கேட்டார்கள். பாருங்கள் என்று மட்டும் சொன்னார். ஒன்பது லிஃப்டில் இரண்டில் உருளை தேய்ந்து எஃகுக் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் இலையுதிர் காலத்தில் அவர் கண்ணை மூடி நின்று கேட்டு, சுகமாயிருக்கிறது என்று சொன்னவை. அதில் ஒன்றில்தான் தினமும் காலையில் ஒரு தாய் இரட்டைக் குழந்தைகளின் வண்டிலைத் தள்ளிக்கொண்டு இறங்குவாள். அன்றைக்குப் பூராவும் அவரால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. சங்கத் தலைவியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவள் கட்டிப்பிடித்தாள், குணமாகி வா என்றாள். இனி லிஃப்டுகளை மாதம் ஒருமுறை கம்பனியே பார்க்கும் என்று அடுத்த நாள் எல்லா வாசலிலும் அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஒட்டியதும் அவர்தான், அது பராமரிப்பாளரின் வேலை.

குழுவுக்கும் எழுதினார். வெளிச்சவீடு, ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி: வாங்கலாம். முன்பு எழுதியது பிழை. பிழை தட்டில் இல்லை. இந்த முறை காரணம் என்று கீழே ஒன்றும் எழுதவில்லை. சண்முகலிங்கம் உடனே ஹவுகெட்டோவிலிருந்து அழைத்தார்.  பெட்டி எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டதாம், மேரினிடம் கேட்டுப் பார்த்தேன் என்று சண்முகலிங்கம் சொன்னார். என்னுடையதை எடுத்துக்கொள் என்றார் இவர். விசர்க் கதை கதைக்காதே என்று ஏசிவிட்டு அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அறுவைக்குக் குறித்த செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு பகல், பனிமேல் வெயில் அடித்துச் சுவரெல்லாம் வெளிச்சம். சிறீஸ்கந்தராசா பெட்டியைத் திறந்து தட்டை எடுத்து வைத்துவிட்டு, போடாமல் உட்கார்ந்திருந்தார். விமலாதேவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முப்பது வருஷமாக இந்தச் சங்கீதத்துக்கு அவள் வைத்த பெயர் தகரம் தட்டுதல். ஒரு பாட்டும் முழுசாகக் கேட்டதில்லை.

"எது உங்களுக்குக் கேக்காதது?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அவள் வந்து, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அவருடைய இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹெட்போனின் வலக்காதை அவருடைய வலக்காதில் வைத்துவிட்டு, சிவப்பு நூல் சுற்றிய மற்றப் பக்கத்தை இழுத்துத் தன் காதோடு வைத்துக்கொண்டாள். இரண்டு தலையும் முட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. அவருடைய இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். குழந்தைகளுக்கு நாள் முழுக்கத் தாளம் தட்டிக் காட்டுகிற கை அவளுடையது.

கேள்வி கேட்கும் கிட்டார் அவருக்குக் கேட்டது. அது முடிந்து அமைதியானபோது அவளுடைய விரல் அவர் புறங்கையில் மெல்லத் தட்டத் தொடங்கியது. ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நகத்தால் ஒரு சின்ன இழுப்பு. கம்பியில் விரல் வழுக்கும் இடம் அது. ஒன்று விடாமல் தட்டினாள். இவ்வளவு காலமும் அதைப் பதில் என்று நினைத்திருந்தார். கையில் வரும்போது அது பதில் மாதிரி இல்லை. தெரிந்த ஒன்றைச் சொல்ல மனமில்லாமல், நேரம் கடத்திக் கடத்திச் சொல்வது மாதிரி இருந்தது.

பாட்டு முடிந்தது. அவளுடைய விரல் நின்றது. அவருக்கு இடப்பக்கத்து இரைச்சல் மட்டும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவள் ஏதோ சொன்னாள். கன்னத்தில் மூச்சுப் பட்டது, சொல் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் சொன்னாள்.

"என்ன?" என்று வலக்காதிலிருந்து ஹெட்போனை எடுத்துக்கொண்டே கேட்டார்.

விமலாதேவி எழுந்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொருக்காப் போடுங்கோ எண்டு சொன்னனான்."

அதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது என்று அவருக்குத் தெரியும். என்ன சொன்னீர் என்று திரும்பக் கேட்கவில்லை. ஊசியைத் தூக்கிப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தார்.